பீக்கோ பாதை: கண்டியிலிருந்து டயகம வரை

இலங்கை மலையகத்தின் பீக்கோ பாதை என்ற நெடுந்தூர நடைபாதையில் இப்போதைக்கு டயகம வரை வந்திருக்கிறோம். மொத்தம் 22 கட்டங்கள், அதில் ஒன்பதாவது டயகமவில் முடிகிறது. 2023-இல் தொடங்கியது, இன்னும் பாதிகூட ஆகவில்லை. கேட்பவர்கள் எல்லாம் "இவ்வளவு நாளா?" என்கிறார்கள். எங்களுக்கு அவசரம் இல்லை.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணியும். நான் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அண்ணி செந்தூலில் வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். அவருக்கு எந்த வாரமும் விடுமுறை எடுக்க முடியும், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் தவிர. எனக்குப் பள்ளி விடுமுறை வந்தால்தான் உண்டு. ஆகவே பாதையை எப்போது நடப்பது என்பதை முடிவு செய்வது கல்வி அமைச்சின் காலண்டர்தான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நடைபாதை. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, தெற்கே ஹட்டன் பக்கம் இறங்கி, ஹோர்ட்டன் சமவெளி, ஹப்புத்தளை, எல்ல என்று பெரிய வளையமாகச் சுற்றி நுவரெலியாவுக்குப் போய் முடிகிறது. புதிதாக வெட்டிய பாதை என்று அதிகம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலையைத் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும், அங்கிருந்து ரயிலுக்கும் கொண்டுபோகப் போட்ட வண்டிப்பாதைகளைத்தான் கோத்து எடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் சராசரியாக 14 கிலோமீட்டர் வரும். காட்டுக்குள் நடக்கப்போகிறோம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பாதி நேரம் கால் படுவது தாரிலும் காங்கிரீட்டிலும். நடுவில் லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), கோயில், கடை, பள்ளிக்கூடம், குரைக்கும் நாய். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. காடு வேண்டுமென்றால் கெப்போங்கிலேயே இருக்கிறது, விமானம் ஏற வேண்டியதில்லை.

பயிற்சி எல்லாம் இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் புக்கிட் கியாரா. அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்றும் நடைபாதை ஓரத்தில் பழைய பால்மரங்கள் நிற்கின்றன. சிலவற்றில் வெட்டின தழும்பு தடித்துப்போய்த் தெரியும். வெயில் காலத்தில் ரப்பர் காய் பட்பட்டென்று வெடிக்கும். தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது 1980-களில் நீள வீடுகளுக்கு மாற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் குன்றின் அடியிலேயே நிரந்தர வீட்டுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். சைக்கிள் ஓட்டுபவர்களும் நாயோடு நடப்பவர்களும் நிறைந்த இடம் இப்போது. அண்ணி கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். கியாராவில் மரத்தைத் தொட்டுப் பார்த்து, "இது சரியா வெட்டல, பட்டையைக் காயப்படுத்திட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லாமல் நகர மாட்டார்.

வார நாட்களில் அடுக்குமாடிப் படிக்கட்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியலில் பத்துமலை. 272 படியும் ஏறுவதற்காக அல்ல, இறங்குவதற்காகப் போகிறோம். ஏற்றத்துக்கு மூச்சு பழகிவிடும். முட்டியை அடிப்பது இறக்கம். தேயிலை மலைகளில் கொழுந்து எடுப்பவர்கள் ஏறி இறங்கக் கல்லடுக்கிப் போட்ட படிகள் உண்டு. உயரம் ஒன்றுபோல் இருக்காது, மழை பெய்தால் பாசி வேறு. முதுகில் ஆறு கிலோ பையோடு பத்துமலை இறங்கிப் பழகியது, முதல் கட்டம் முடியும் கலஹாவுக்கு அப்பால் நன்றாகவே உதவியது.

காலணி விஷயத்தில் என் கட்சி தெளிவானது: கம்போங் அடிடாஸ். மலேசியாவில் மலை ஏறுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பால்மரம் வெட்டுகிறவர்கள் போட்டுப் பழகிய, அடியில் குமிழ் வைத்த அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். இருபது ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ஈர வேரிலும் சேற்றிலும் அதைப் போலப் பிடிக்கும் காலணியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் தார் ரோட்டில் பாதம் கொதிக்கும். எனவே பையில் சாதாரண ஓட்டச் சப்பாத்து ஒன்றும் வேண்டும், ரோடு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். அட்டைப்பூச்சிக்கு நீளக் காலுறை, அதன்மேல் சவர்க்காரத்தைக் காயவைத்துத் தேய்த்தால் போதும். உப்புப் பொட்டலம் தூக்கிக்கொண்டு போனோம், அது கடைசியில் வெள்ளரிக்காய்க்குத்தான் பயன்பட்டது.

முதல் நடை 2023 ஆகஸ்ட் விடுமுறையில். கொழும்புக்கு மூன்றரை மணி நேர விமானம், அங்கிருந்து கண்டிக்கு ரயில். ஹந்தானையில் 1925-இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். அதன் பக்கத்திலிருந்து கிளம்பி கலஹா, அடுத்த நாள் லூல்கந்துர. இந்த லூல்கந்துரவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம் அது. இலங்கையில் வியாபாரத்துக்கென்று வளர்த்த முதல் தேயிலை. அதற்கு முன் மலை முழுக்கக் கோப்பி. 1869-இல் இலைத்துரு நோய் தலைகாட்டி, சில ஆண்டுகளில் கோப்பியை அழித்துப்போட, எல்லாரும் தேயிலைக்குத் தாவினார்கள். டெய்லர் வீட்டின் புகைபோக்கி மட்டும் இன்னும் நிற்கிறது. கொஞ்சம் மேலே அவர் உட்கார்ந்து பார்த்த கல் இருக்கை. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். அண்ணி உட்காரவில்லை. "தொரை உக்காந்த எடம் தெரியுது. கன்னு நட்டவங்க எங்க உக்காந்தாங்கன்னு ஒரு பலகையும் காணோமே" என்றார். டெய்லர் தோட்டத்திலும் வேலை செய்தது தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வந்தவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டு வழியில் மாத்தளைக்கு வந்து, மலை ஏறியவர்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. நாங்கள் காலுறைக்குச் சோப்புத் தேய்த்து நடக்கிற தூரத்தை நினைத்துக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

அண்ணியால் இன்னொரு லாபம், வழி. கைப்பேசியில் பாதை வரைபடத்தை இறக்கி வைத்திருந்தாலும், உயரமான யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் அந்த நீலப் புள்ளி அங்குமிங்கும் குதிக்கும். இரண்டு பாதை பிரியும் இடத்தில் நான் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி மலையைப் பார்ப்பார். மேலே காற்றுப் படும் மேட்டில் துரை பங்களா, கொஞ்சம் கீழே கிராணி (எழுத்தர்) வீடுகள், ஓடைப் பக்கம் லயம், லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் மாரியம்மன் கோயில். வெள்ளைக்காரன் சிலாங்கூரிலும் அப்படித்தான் கட்டினான், இங்கேயும் அப்படித்தான் கட்டியிருக்கிறான். "தண்ணிக் குழாய் எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் ஆளுங்க இருப்பாங்க, வா" என்று நடந்துவிடுவார். இதுவரை தவறியதில்லை.

லூல்கந்துரவில் நிறுத்தியதில் ஒரு சிரமம். அங்கிருந்து வெளியே வருவதும், அடுத்த முறை அதே இடத்துக்குப் போய்ச் சேருவதும் தனி வேலை. முச்சக்கர வண்டிக்காரர் வாய் வைத்ததுதான் விலை. 2024 தொடக்கத்தில் மறுபடி போனபோது தவலந்தன்ன, பூண்டுலோயா என்று நடந்து வட்டகொடையில் நிறுத்தினோம். வட்டகொடையில் ரயில் நிலையம் இருக்கிறது. துண்டு துண்டாக நடப்பவர்களுக்கு என்னுடைய ஒரே யோசனை இதுதான்: எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எங்கே நிறுத்துவது என்று யோசியுங்கள். நிறுத்தும் ஊருக்குத்தான் திரும்பி வரப் போகிறோம். வழியில் உள்ள மற்ற ஊர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவோம். நிறுத்திய ஊரை மட்டும் ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்ப்போம்.

வட்டகொடையில் அது எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். முதல் தடவை வந்தபோது நிலையத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். முட்டி உயரத்துக்கு வெறும் குச்சி. சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை இப்படி வெட்டிவிட்டால்தான் செடி உயராமல், கொழுந்து கைக்கு எட்டும்படி வரும். 2025 தொடக்கத்தில் அதே மலை பச்சை போர்த்தி, பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடை அக்கா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "மலேசியாக்காரங்கதானே? அந்தக் கறுப்புச் சப்பாத்து!" பிளேன் டீயும் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். போன தடவை தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 1,000 ரூபாய் என்று சொன்னவர், இப்போது 1,350 என்றார். 2021-இல் வைத்த சம்பளம் 2024-இல்தான் மாறியது. "ஏறினது நெசந்தான். ஆனா கிலோ கொறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க" என்றார். அண்ணி கிலோக் கணக்கைக் கேட்டார், அவர் பால்வெட்டுக் கணக்கைக் கேட்டார். நான் இரண்டாவது டீ குடித்தேன். அந்த ஒரு மணி நேரம் அட்டவணையில் இல்லை. அன்று கொட்டகலை போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

அந்தப் பயணத்தில் கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம. நோர்வூட் கட்டம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மழை. பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் மலையில் வேலையாக இருந்த ஒருவர் எங்களை நிறுத்தி, மரத்தில் குளவிக் கூடு இருக்கிறது, பேசாமல் ஓரமாகப் போங்கள் என்றார். இது விளையாட்டில்லை. தேயிலை மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது அடிக்கடி வரும் செய்தி, உயிர் போனதும் உண்டு. சிறுத்தையைப் பற்றி வழிகாட்டிகள் நிறையப் பேசுகிறார்கள். நடக்கிறவர் பயப்பட வேண்டியது குளவிக்கு. வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கத்திப் பேசாதீர்கள்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தில் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் பெரிய பெரிய மனிதர்களைப் படம் எடுத்த பெண். கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்தார். 1879-இல் இறந்தார். கல்லறைக்குப் போய்ப் பார்க்க அரை மணி போதும், விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து டயகம வரையான நடைதான் இதுவரை நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது. ஏறி முடித்ததும் அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகள் மொத்தமாகத் திறந்துகொள்ளும். டயகமவிலிருந்து தலவாக்கலைக்குப் பேருந்து உண்டு. நிறுத்துவதற்கு நல்ல ஊர்.

அடுத்து, பத்தாம் கட்டம், டயகமவிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏற்றம். சமவெளி 2,100 மீட்டர் உயரம். 2025 டிசம்பரில் போவதாகத் திட்டம், எங்கள் பள்ளி ஆண்டு மறுபடி ஜனவரிக்கு மாறியதால் நீண்ட விடுமுறை டிசம்பருக்கு வந்துவிட்டது. நவம்பர் கடைசியில் டித்வா புயல். இலங்கை முழுவதும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலை சரிந்து ஊர்களை மூடியது. மலையக ரயில் பாதை பல இடங்களில் அந்தரத்தில் தொங்கியது. டிக்கெட்டை மாற்றினோம், அது பெரிய விஷயமில்லை. வட்டகொடைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி, பதில் வர நான்கு நாள் ஆனது. மின்சாரம் இல்லையாம். கடைக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்பக்க மண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றார். பாதையைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் விடுமுறையில் போக முடியுமா என்று பார்க்கிறோம். பாதை திறந்திருந்தால் நடை, இல்லையென்றால் வட்டகொடை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவது. குளிர்தான் யோசனை. தொடக்க மாதங்களில் சமவெளியில் இரவு உறைபனி விழும். கேமரன் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டர் அதற்குக் காணாது. சௌக்கிட் பண்டல் கடையில் (பழைய துணி விற்கும் கடை) கனமான கம்பளி ஜாக்கெட் இரண்டு எடுத்தோம், இரண்டும் யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தவை. என்னுடையதன் கையை அண்ணி வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டார். அவருடையது இன்னும் தையல் மெஷின் மேல் கிடக்கிறது, வாடிக்கையாளர் துணிதான் முதலில் என்கிறார்.