அக்காவுக்கும் ஒரு டெஸ்ட்

டெல்லியில் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தேன். சீலியாக் என்ற நோயின் பெயரை அங்கே போன பிறகுதான் அடிக்கடி கேட்டேன். இது உள்ளவர்களுக்குக் கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைக் கெடுத்துவிடும். சாப்பிடுகிற சத்து உடம்பில் ஒட்டாது. ரொட்டியே சாப்பாடாக இருக்கும் வட இந்தியாவில் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம் பக்கம் மிகக் குறைவு.

ஒரு நாள், நோய் உறுதியான ஏழு வயதுப் பையனின் வீட்டார் எல்லோருக்கும் டி.டி.ஜி. என்ற சீலியாக் ரத்த டெஸ்ட் எழுதி அனுப்பியிருந்தார் டாக்டர். பதினாலு வயது அக்காவுக்கு எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. "இவளுக்கு வயிற்றுவலிகூட வந்ததில்லையே, எதுக்கு ஊசி?" பேசிப் பேசித்தான் உட்கார வைத்தேன். நரம்பு தேடக் கையைப் பிடித்தால், நகமெல்லாம் வெளுத்து, கரண்டி போல நடுவில் குழிந்திருந்தது. "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறியா?" "ஒரு வருஷமா சாப்பிடுறேன் தீதி, ரத்தம் ஏறவே மாட்டேங்குது." ரிசல்ட் இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு. எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதைத் துணுக்கும் அதையே சொன்னது.

இத்தாலி 2023-இல் சட்டமே போட்டு, 1 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. அறிகுறி இல்லாத எல்லோரையும் பரிசோதிப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2017-இல் சொன்னது. சரி, எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் நோயாளியின் பெற்றோர், கூடப் பிறந்தவர்கள், டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைகள், மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை உள்ளவர்கள், இவர்களுக்கு அறிகுறி இருக்கிறதா என்று கேட்காமலே எடுக்க வேண்டும். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்த பிறகு இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று கோதுமையை நிறுத்திவிட்டு டெஸ்டுக்கு வருவார்கள். நிறுத்தினால் ரத்தத்தில் இந்த டெஸ்ட் தேடும் எதிர்ப்பொருள்கள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும். அவர்களிடம் மறுபடி சில வாரம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்வதுதான் கஷ்டம்.

கோதுமையை விட்டு ஆறு மாதம் கழித்து அக்கா வந்தபோது டி.டி.ஜி. அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. விசாரித்தால், கோதுமைக்குப் பதில் சாப்பிட்ட மக்காச்சோளத்தைக் கோதுமை அரைக்கும் அதே மில்லில் அரைத்திருக்கிறார்கள். அப்புறம் வீட்டிலேயே சின்ன அரவை இயந்திரம் வாங்கினார்கள். அடுத்த தடவை நகம் சிவந்திருந்தது. டாக்டர் முதலில் எழுதி அனுப்பிய சீட்டில் அப்பா பெயரும் இருந்தது. நான் வேலையை விட்டு வரும்வரை அவர் மட்டும் ரத்தம் கொடுக்க வரவில்லை.