கூலி வேறு, சந்தோசக் காசு வேறு

கூலிக்கு மேலே நாமாக விரும்பிக் கொடுக்கிற காசைத்தான் சந்தோசக் காசு, சுருக்கமாகச் சந்தோசம், என்கிறோம். அதை யாருக்கு, எப்படிக் கொடுப்பது? சலூன் கதிரையில் இருந்து எழும்பும் கடைசி நிமிடத்தில் தொடங்குவோம். பிளேட்டை நீளவாக்கில் முறித்து, புதுப் பாதியைக் கத்தியில் மாட்டி, பின்கழுத்தை வழித்தாயிற்று. பவுடர் போட்டு, பிரஷ்ஷால் முடியைத் தட்டி, போர்வையை உதறியாயிற்று. கூலி 600 ரூபா என்று வைப்போம். உங்கள் கையில் இருப்பதோ ஒரே ஒரு 1000 ரூபாத் தாள். அவர் லாச்சியைத் திறந்து மிச்சக் காசு தேடுகிறார், நீங்கள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். முழுவதையும் விட்டால் கை கடிக்கும், முழுவதையும் வாங்கினால் மனம் கடிக்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் கஞ்சத்தனம் இல்லை, சில்லறை இல்லாததுதான். அதனால் முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. 100 ரூபாத் தாள் ஐந்து, 50 ரூபாத் தாள் நான்கு, மற்றக் காசோடு கலக்காமல் வேறொரு பொக்கற்றில் வையுங்கள். 20 ரூபாத் தாளைச் சந்தோசக் காசாகக் கொடுத்த காலம் போய்விட்டது. இன்றைக்கு அதை நீட்டினால் வாங்குகிறவருக்கும் கூச்சம், கொடுக்கிறவருக்கும் கூச்சம். கிழிந்து ஒட்டின தாளையும் இதற்கென்று தள்ளிவிடாதீர்கள். வங்கியில் மாற்றலாம் என்பது உண்மை, ஆனால் அந்த வரிசையில் நின்று அரை நாள் உழைப்பை இழக்கப்போவது அவர்தான்.

சலூனில் 600 ரூபாவை முதலில் கொடுங்கள். பிறகு 100 ரூபாவைத் தனியாக, உங்களுக்கு வெட்டினவரின் கையில் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது லாச்சிக்குள் போய்விடும். கத்தரிக்கோல் பிடித்தவர் கடைக்காரராகவே இருக்கவேண்டும் என்றில்லை. தலைக்கு இவ்வளவு பங்கு என்று வேலை செய்கிறவராகவும் இருக்கலாம். கடைக்காரரே வெட்டினாலும் கொடுப்பதில் தவறில்லை. சொந்தக் கடை வைத்திருப்பவருக்குச் சந்தோசம் கொடுக்கக்கூடாது என்று ஒரு கதை உலாவுகிறது. நம்முடைய ஊரில் அதற்கு இடமில்லை, காலையில் இருந்து இரவு வரை நிற்பது அவருடைய கால்தான்.

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு வீட்டுக்கு வந்து சவரம் செய்பவரின் கணக்கு வேறு. அதைச் சலூன் விலையில் பார்க்கவே கூடாது. அவர் இங்கே வரும் நேரம் கடையில் ஒரு மணித்தியாலம் கதிரை சும்மா கிடக்கும். இங்கே வெந்நீரில் துவாயை நனைத்துத் தாடியை நெடுநேரம் ஊறவைக்கவேண்டும், ஒரு கையால் தலையைத் தாங்கவேண்டும், தளர்ந்த தோலை விரலால் இழுத்துப் பிடித்து மெதுவாக வழிக்கவேண்டும். கூலியே இரண்டு மடங்காக இருக்கவேண்டும், போக்குவரத்துச் செலவு புறம்பு. சந்தோசக் காசு அதற்கு மேல். இரவு தங்கி நோயாளியைப் பார்க்கும் பராமரிப்பாளருக்கும் இதே நியாயம்தான். நாள்கூலியை ஒழுங்காக, சொன்ன நாளில் கொடுங்கள். சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு இடையிடையே 500 ரூபாவைக் கையில் திணிப்பது தயவு ஆகாது.

எவ்வளவு கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பது நம்மிடையே கனமான விசயம். முடி வெட்டுகிறவரும் துணி வெளுக்கிறவரும் ஒரு காலத்தில் குடிமைத் தொழில் என்ற பெயரில், சாதி வழியாக ஊருக்கு ஊழியம் செய்யக் கட்டிப்போடப்பட்டவர்கள். காசாகக் கூலி கிடைக்கவில்லை. நெல்லும், பழைய துணியும், விசேஷ வீட்டில் மிஞ்சின சோறும்தான் கிடைத்தன. அதுவும் கைபடாமல், எட்ட நின்று போடப்பட்டது. அந்த நினைவு இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஆகவே காசை மேசையில் எறிவது, கதிரையில் வைத்துவிட்டுப் போவது, மேலிருந்து விரல்படாமல் விடுவது, இதில் ஒன்றுமே கூடாது. முகத்தைப் பார்த்து, வலக்கையால், அவர் கையில் வையுங்கள். "இது உங்களுக்கு அண்ணன்" என்ற ஒரு சொல் போதும். வயதில் மூத்தவர் என்றால் "ஐயா", முஸ்லிம் சகோதரர் என்றால் "நானா". வயதுக்கு மூத்தவரை "டேய் தம்பி" என்று கூப்பிட்டுவிட்டு 500 ரூபா கொடுத்தாலும் அது மரியாதை ஆகாது. பழைய சேட்டும் சாரமும் சந்தோசக் காசுக்கு ஈடாகாது. கொடுக்க விரும்பினால் முதலில் கேட்டுவிட்டு, கழுவி மடித்து, வேறொரு நாளில் கொடுங்கள்.

ஓட்டோவில் பெரும்பாலும் பேசின காசுதான். ஏறும்போது 50 ரூபாவுக்காகப் பத்து நிமிடம் வாதாடிவிட்டு, இறங்கும்போது பெருந்தன்மையாக 50 ரூபா நீட்டுவதில் அர்த்தமில்லை. நியாயமான கூலிக்கு உடனே சம்மதியுங்கள். 370 என்றால் 400 கொடுத்துவிட்டு இறங்குங்கள், அது போதும். கூடக் கொடுக்கவேண்டிய வேளைகள் உண்டு: விடியற்காலை ரயிலில் வந்து இறங்கும்போது, மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் வரச்சொல்லும்போது, பெட்டிகளைப் படி ஏற்றித் தரும்போது. ஆஸ்பத்திரி வாசலிலோ கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலிலோ காக்கவைத்தால் அது சந்தோசக் காசு விசயமே இல்லை, அது கூலி. மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் 5000 ரூபாத் தாளை நீட்டாதீர்கள், மாற்றிக்கொடுக்க அந்த நேரத்தில் ஒரு கடையும் திறந்திருக்காது.

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஹோட்டலில் சாப்பிட்டால் பில்லைக் கீழ்வரி வரை வாசியுங்கள். 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் என்று ஒரு வரி இருக்கலாம். வற் வரி என்று இன்னொரு வரி இருக்கலாம், அது 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். பலர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, இவ்வளவு கூட்டி எடுத்துவிட்டார்களே என்று பரிமாறினவரோடு முகம் சுளிக்கிறார்கள். வற் அரசாங்கத்துக்குப் போகிற காசு, அதில் அவருக்கு ஒரு சதமும் இல்லை. சேர்விஸ் சார்ஜ் வழமையாக மாதக் கடைசியில் குசினி ஆட்கள் உட்பட எல்லோருக்கும் பங்கிடப்படுவது. சேர்விஸ் சார்ஜ் பில்லில் இருந்தால் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நன்றாகக் கவனித்தவருக்கு 100, 200 கையில் கொடுத்தால் நல்லது. சேர்விஸ் சார்ஜ் இல்லையென்றால் 10 வீதம் நியாயம். கார்டில் கட்டுகிறீர்கள் என்றாலும் இதைக் காசாகவே கொடுங்கள். மெஷினில் கூட்டி அடித்தால் அது கடையின் கணக்குக்குப் போகும், அங்கிருந்து அவரிடம் வந்துசேர்வது கடைக்காரரின் மனதைப் பொறுத்தது. சாதாரணச் சாப்பாட்டுக் கடையில் சோறு கறிக்கு வீதக் கணக்கெல்லாம் வேண்டாம். மிச்சக் காசில் 50 ரூபா விட்டால் போதும்.

தங்கும் அறையைச் சுத்தம் செய்கிறவரை அனேகமாக நாம் காண்பதே இல்லை. கடைசி நாளில் வரவேற்பு மேசையில் மொத்தமாகக் கொடுத்தால் அவருக்குப் போகும் என்று நம்பாதீர்கள். நாளுக்கு நாள் ஆள் மாறலாம். காலையில் வெளியே போகும்போது தலையணைக்கு மேலே 200 ரூபாவும், "அறை சுத்தம் செய்பவருக்கு, நன்றி" என்று எழுதின துண்டும் வையுங்கள். சிங்களத்திலும் ஒரு வரி எழுத முடிந்தால் இன்னும் நல்லது. துண்டு இல்லாமல் காசு மட்டும் கிடந்தால், நீங்கள் மறந்துவிட்டுப் போன காசு என்று நினைத்து நேர்மையான ஆள் தொடமாட்டார்.

கடலுக்கு வருவோம். புறாமலைத் தீவு 2003ஆம் ஆண்டில் இருந்து தேசியப் பூங்கா. நிலாவெளிக் கரையில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். நுழைவுச்சீட்டுக் காசு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, படகுக் கூலி படகு முதலாளிக்கு. எஞ்சின் பிடிக்கிறவரும், தண்ணீருக்குள் உங்களோடு வந்து பாதை காட்டுகிற பெடியனும் சில வேளை நாள்கூலிக்கு வந்தவர்கள். ஒரு படகுக்கு 500 முதல் 1000 ரூபா வரை, கரைக்கு வந்த பிறகு, இருவருக்கும் பிரித்து அவரவர் கையில் கொடுங்கள். போகும்போதே கொடுக்காதீர்கள். அதுவும் "நல்லாக் காட்டினால் நல்லாத் தருவன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

அந்த ஒரு வாக்கியம் கடலில் செய்கிற கேட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். கரைக்கு அருகிலேயே ஆழ்கடல் தொடங்குவதால்தான் திருகோணமலையில் நீலத் திமிங்கிலம் வருகிறது. காசு ஆசை காட்டினால் படகுக்காரர் அதன் முதுகுக்குக் கிட்டே எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்துவார். மற்றப் படகுகளும் போட்டிக்கு வரும், திமிங்கிலம் மூச்சு எடுத்து முடிக்க முன்னரே அமிழ்ந்துவிடும். புறாமலையிலும் அதே கதை. மீன் கூட்டத்தைக் காட்டப் பாண் துண்டு போடுவார்கள், உங்களுக்குக் கால் களைத்தால் முருகைக்கல்லில் நிற்கச் சொல்வார்கள். மிதித்த முருகைக்கல் உடைந்தால் திரும்ப வளர வருசக் கணக்கு வேண்டும். ஆகவே கூடக் கொடுக்கவேண்டியது, தூரத்தில் எஞ்சினை நிறுத்திப் பொறுமையாகக் காத்திருந்தவருக்கு. கொடுக்கும்போது காரணத்தையும் வாய் திறந்து சொல்லுங்கள்: "கிட்டப் போகாமல் நின்றீங்கள், அதுக்குத்தான் இது."

வீட்டு வேலைகளில் தேங்காய் பிடுங்குவதற்கு மரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இறங்கினதும் ஒன்றிரண்டு தேங்காய் எடுத்துக்கொள்ளச் சொல்வது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் குரும்பையையும் கோம்பையையும் தள்ளிவிடாமல் நல்ல காயை அவரையே எடுக்கவிடுங்கள். கிணறு இறைக்கிறவருக்கும், கூரை ஏறுகிறவருக்கும், மேசன் பாஸுக்கும் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும் கொடுப்பது கூலியில் கழிக்கிற விசயம் இல்லை. சந்தோசக் காசுக்குப் பதிலாக ஒரு சாராயப் போத்தல் வாங்கிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மத்தியானம் குடித்துவிட்டு ஏணியில் ஏறி விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் சோறு போடுவது? காசாகக் கொடுங்கள், அதுவும் வேலை முடிந்து, ஆயுதங்களைக் கழுவி எடுத்த பிறகு.

கலியாண வீடு, புதுமனை, அந்தியேட்டி என்றால் கொடுக்கவேண்டிய கைகள் பத்துப் பதினைந்து இருக்கும். வீட்டுக்காரர் அன்றைக்கு எதையும் நினைவில் வைக்கமாட்டார். முந்தின இரவே கடித உறைகளில் பெயரோ வேலையோ எழுதி, காசை வைத்து, நிதானமான ஒரு மருமகனிடமோ மச்சானிடமோ பொறுப்புக் கொடுங்கள். ஐயருக்குப் பேசின தொகை வேறு, தட்டில் வெற்றிலை பாக்கோடு வைக்கும் தட்சணை வேறு. 501, 1001 என்று ஒற்றையில் முடிக்கவேண்டும் என்பதால் ஒரு ரூபாக் குற்றிகளையும் முன்கூட்டியே தேடி வையுங்கள். கூட வந்த உதவி ஐயரை மறந்துவிடுகிறார்கள், ஓமத்துக்குச் சமித்து எடுத்துக் கொடுத்துப் புகையில் இருந்தது அவர்தான். மேளக்காரருக்குக் கூலி குழுத் தலைவரிடம், சந்தோசம் தவில், நாதஸ்வரம், தாளம் என்று ஆளாளுக்கு. மணப்பெண் அலங்காரத்துக்கு வந்தவருக்குப் பெரிய தொகை ஏற்கெனவே போயிருக்கும். விடிய மூன்று மணிக்கு அவரோடு வந்து சேலை மடிப்புக்கு ஊசி குத்தின பிள்ளைக்கு ஓர் உறை தனியாக இருக்கட்டும். சமையல்காரரோடு பாத்திரம் கழுவ வந்த அம்மாவுக்கும் அப்படித்தான்.

வருசப் பிறப்புக் கைவிசேஷம் இதில் சேராது. அதில் தொகை பெரிதில்லை, நேரம்தான் பெரிது. பஞ்சாங்கத்தில் சொன்ன சுபநேரத்தில் வெற்றிலையில் புதுத் தாளை வைத்து, வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும், பேப்பர் போடுகிற தம்பிக்கும், உடுப்பு வெளுக்கிறவருக்கும் கொடுங்கள். புதுத் தாள்களை மார்ச் மாதத்திலேயே வங்கியில் கேட்டு வையுங்கள், ஏப்ரலில் தீர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து வரும் உறவுகளுக்கு ஒரு விசயம். யூரோ, பவுண் சில்லறைக் குற்றிகளைக் கொடுக்காதீர்கள். காசு மாற்றுகிற இடத்தில் தாளை மட்டும்தான் எடுப்பார்கள், குற்றி அவருடைய பிள்ளைக்கு விளையாட்டுச் சாமானாகப் போகும்.

அரச சேவை முற்றிலும் வேறு. அரச ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினவருக்கோ, கந்தோரில் கோப்பைத் தேடித் தந்தவருக்கோ "தேத்தண்ணிக் காசு" கொடுக்கவே கூடாது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றமாகலாம். இன்றைக்கு நீங்கள் கொடுத்த 200 ரூபா, நாளைக்கு அதே வாட்டில் காசில்லாமல் வருகிற ஒருவரின் கட்டிலைக் காக்கவைக்கும். யாராவது வாய் திறந்து கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. நன்றி சொல்லவேண்டும் என்றால் அவருடைய பெயரைக் குறித்துப் பொறுப்பதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அது அவருடைய கோப்பில் கிடக்கும்.

குப்பை வண்டியில் வருகிறவர்களும் உள்ளூராட்சி ஊழியர்கள்தான், காசு வேண்டாம். வெயிலில் வருகிறவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் கொடுக்கலாம். உடைந்த கண்ணாடியைப் பையோடு பையாகப் போடாமல், பழைய பேப்பரில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதி, தனியாக வையுங்கள். பாவித்த சவரப் பிளேட்டுகளுக்கு மூடி இறுகின ஒரு பழைய டின் போதும்.