பிடரி இறுக்கமும் தலைவலியும்: எட்டு வாரப் பயிற்சியில் கற்றவை

மாலை நாலு மணி வாக்கில் பிடரியில் ஒரு கனம் தெரியும். மெல்ல அது பின்மண்டைக்கு ஏறும். ஆறு மணிக்குள் தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியது போலாகிவிடும். விண்விண் என்று தெறிப்பதில்லை, வாந்தி வராது, படி ஏறினாலும் வலி கூடாது. வேலை செய்ய முடியும், ஆனால் எதிலும் மனம் ஒட்டாது. டென்ஷன் தலைவலி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அரை மணியில் விடுவதும் உண்டு, ஏழு நாள் நீள்வதும் உண்டு. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்து, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே நடந்தால் அது நாள்பட்ட வகை. பெயரில் டென்ஷன் இருப்பதால் ‘கவலையை விடு, சரியாகிவிடும்’ என்று ஊரே அறிவுரை சொல்லும். கவலைக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் கையை வைத்து வேலை செய்யக்கூடிய இடம் கழுத்து.

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் இது வேறு தலைவலி இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இடி விழுந்தாற்போல் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பின் வந்த வலி, இருமினால் கூடும் வலி, கழுத்தின் ஒரு பக்கம் திடீரென்று புது வலி வந்து அதே பக்கத்து இமை தொங்குவது: இவற்றுக்கு மருத்துவமனைதான், பயிற்சி இல்லை. 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தலைவலி தொடங்கினாலும் அப்படித்தான். அதிலும் நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலித்து, மெல்லும்போது தாடை கடுத்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கண் பார்வையைப் பறிக்கும் ரத்தக்குழாய் அழற்சி அப்படித்தான் தலைகாட்டும்.

ஒற்றைத் தலைவலி வேறொரு குழப்பம். அது வருவதற்கு முன்பும் பலருக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ‘கழுத்து பிடித்தது, அதனால் தலை வலித்தது’ என்று நினைப்போம். உண்மையில் தலைவலியின் முதல் கட்டமே அந்தக் கழுத்துப் பிடிப்பாக இருக்கும். வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, நடந்தால் கூடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் இந்தப் பயிற்சிகள் ஓரளவு துணைசெய்யலாம், முக்கிய மருத்துவம் வேறு.

முதல் பத்து நாள் பயிற்சியே வேண்டாம். ஒரு தாளில் நாலு பத்தி போட்டு எழுதுங்கள்: வலி தொடங்கிய நேரம், எந்த இடம், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் எந்த நிலையில் இருந்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள். நாலாவது பத்திதான் பெரும்பாலானவர்களுக்கு அதிர்ச்சி தரும். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, கஃபீனோ கோடீனோ கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். எத்தனை மாத்திரை என்பதல்ல, எத்தனை நாள் என்பதே கணக்கு. இந்த வலையில் சிக்கியிருந்தால் கழுத்துப் பயிற்சி எதுவும் எடுபடாது. மருத்துவர் துணையோடு மாத்திரையை விட வேண்டும். விட்டதும் இரண்டு முதல் பத்து நாள் வரை வலி முன்னைவிட மோசமாகும். பலர் அங்கேதான் தோற்று மறுபடி மாத்திரைக்குப் போகிறார்கள்.

பிடரியில் இருக்கும் கோளாறு கண்ணுக்குப் பின்னால் வலிப்பது ஏன்? மண்டையோட்டின் அடிவிளிம்புக்கும் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே, பக்கத்துக்கு நாலாக எட்டு குட்டித் தசைகள் இருக்கின்றன. விரல் நீளம்கூட இல்லாதவை. தலை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு நொடிக்கு நொடி சொல்வதுதான் இவற்றின் முக்கிய வேலை. அதனால் உணர்வு முனைகள் இவற்றில் மிக நெருக்கமாக இருக்கும். இந்தப் பகுதியிலிருந்து வரும் மேல் மூன்று கழுத்து நரம்புகளும் முகத்துக்கான முக்கிளை நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே முடிச்சில் சேருகின்றன. செய்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறியத் தெரிவதில்லை. பிடரி கத்தினால் நெற்றி வலிக்கும்.

பெரிய தசைகளில் மூன்று முக்கியம். பிடரியிலிருந்து தோள் வரை விரிந்த டிரபீசியஸின் மேல் பகுதி இறுகினால் காதுக்குப் பின்னால் வளைந்து நெற்றிப்பொட்டு வரை வலி ஏறும். தோள்பட்டை எலும்பின் உள்மூலையைக் கழுத்தோடு கட்டும் லெவேட்டர் ஸ்கேபுலே பிடித்தால் தலையைத் திருப்ப முடியாது. தூங்கி எழுந்ததும் ‘கழுத்து சுளுக்கிக்கொண்டது’ என்போமே, பெரும்பாலும் இந்த ஆசாமிதான். மூன்றாவது, காதுக்குப் பின் எலும்பு மேட்டிலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் கயிறு போன்ற தசை. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் புடைத்துத் தெரியும். அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்லப் பிடித்துப் பாருங்கள். சிலருக்கு அப்போதே புருவத்துக்கு மேல் அந்தப் பழகிய வலி வந்து எட்டிப் பார்க்கும். தசையை மட்டும் பிடிக்க வேண்டும், குரல்வளைப் பக்கம் அழுத்தவே கூடாது. துடிப்பு தெரிந்தால் அது ரத்தக்குழாய், கையை எடுத்துவிடுங்கள்.

இனி எல்லோரும் தவறவிடும் விஷயம். இறுக்கமாகத் தோன்றும் தசை பெரும்பாலும் குறுகிப்போன தசை அல்ல, களைத்த தசை. கழுத்தின் முன்பக்கம், உணவுக்குழாய்க்குப் பின்னால், எலும்போடு ஒட்டிய இரண்டு ஆழ்தசைகள் உண்டு. தலையைச் சீராகத் தாங்க வேண்டியவை அவைதான். அவை சோம்பினால் பிடரியும் தோளும் நாள் முழுக்க மிகைநேர வேலை பார்க்கும். அந்தத் தசையைப் பிடித்து இழுத்தால் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும். வேலையைப் பகிர ஆள் வரவில்லையே, மாலையில் மறுபடி அதே கனம்தான். ஆண்டுக்கணக்கில் கழுத்தை இழுத்து இழுத்துப் பலன் காணாதவர்களின் கதை இதுதான்.

ஆகவே முதல் பயிற்சி தலையசைப்பு. மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். நெற்றியும் முகவாயும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். முகவாய் மேலே தூக்கினால் தலைக்கடியில் ஒரு மடிப்புத் துண்டு வையுங்கள். நாக்கு மேலண்ணத்தில், பற்கள் ஒட்டாமல், உதடு மூடி. இப்போது ‘ஆமாம்’ என்று சொல்வதுபோல் மிகச் சிறிதாகத் தலையசையுங்கள். பின்மண்டை தரையில் வழுக்க வேண்டும், எழும்பக் கூடாது. 10 விநாடி நிறுத்தி மெல்ல விடுங்கள். பத்து முறை, காலை மாலை. இரு விரலைக் கழுத்தின் முன்பக்கம் வைத்தபடி செய்யுங்கள். அந்தக் கயிற்றுத் தசைகள் விறைத்துப் புடைத்தால் அளவுக்கு மீறிவிட்டீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் போனால் கழுத்துக்கடியில் காற்றுப் பை வைத்து 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி, இரண்டிரண்டாக 30 வரை ஏற்றிப் பார்ப்பார். வீட்டில் விரலே போதும்.

பார்வைக்கு ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும் இந்தப் பயிற்சியில்தான் அதிகப் பிழைகள். மூச்சை அடக்குவது, பல்லைக் கடிப்பது, ‘நல்லா அழுத்தினால் நல்லா வேலை செய்யும்’ என்று முகவாயைக் கழுத்துக்குள் திணிப்பது. திணித்தால் வேலையை மேல்தசைகள் பிடுங்கிக்கொள்ளும், அன்று மாலையே தலைவலி வரும். முதல் வாரம் 10 விநாடி முடியவில்லை என்றால் 5 விநாடி போதும். தசை நடுங்கத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை.

இதோடு இழுப்புப் பயிற்சி ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து வலது கையால் இருக்கையின் அடியைப் பிடியுங்கள். தலையை இடது பக்கம் பாதி திருப்பி, மூக்கை இடது அக்குளை நோக்கி இறக்குங்கள். இடது கையைத் தலைமேல் வையுங்கள், இழுக்காதீர்கள். கையின் கனமே போதும். 30 விநாடி, இரண்டு முறை, பிறகு மறுபக்கம். வலது தோள்பட்டை மூலையிலிருந்து கழுத்து வரை இழுப்பு தெரிந்தால் சரி. கை மரத்துப்போனாலோ விரலில் மின்னல் ஓடினாலோ விட்டுவிடுங்கள், இழுபடுவது நரம்பு.

வலி வந்துவிட்ட நாளுக்கு: இரண்டு டென்னிஸ் பந்துகளைக் காலுறைக்குள் போட்டு முடிச்சிடுங்கள். படுத்து, மண்டையோட்டின் அடிவிளிம்பில், நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக வருமாறு வைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் தலையின் கனத்தை மட்டும் விடுங்கள். பந்து கீழிறங்கிக் கழுத்துக்குள் போனால் பயனில்லை, வலிதான் மிச்சம். தலை சுற்றினால் நிறுத்துங்கள். வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம் போதும். கழுத்தில் நெட்டி முறிப்பதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். சத்தம் கேட்டதும் வரும் இளக்கம் சில நிமிடங்களுக்குத்தான். வேகமாக முறுக்கும்போது கழுத்து எலும்புகளின் துளை வழியே மூளைக்குப் போகும் தமனியின் உட்சுவர் கிழிவது அரிது, ஆனால் நடந்தால் பக்கவாதம்.

மூன்றாம் வாரத்திலிருந்து தோள்பட்டை. ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, இரு முனையையும் விலாவை ஒட்டி இழுங்கள். 12 தடவை வீதம் மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். தோள் காதை நோக்கி எழுந்தால் பட்டை கனம் அதிகம், இளகியதாக மாற்றுங்கள். ஐந்தாம் வாரம் தலையைத் தூக்கலாம்: படுத்தபடி முதலில் தலையசைப்பு, அந்த நிலை குலையாமல் தலையைத் தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயர்த்தி நிறுத்துவது. முகவாய் முன்னே நீண்டதும் கடிகாரத்தை நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் எண்ணுவது ஏமாற்று. தொடக்கத்தில் பத்து விநாடியே பெரும்பாடாக இருக்கும். அரை நிமிடம் தாண்டுவது நல்ல இலக்கு.

உட்காரும் விதம் பற்றி ஊரில் பேச்சு அதிகம், பலன் அதைவிடக் குறைவு. தலையின் எடை சுமார் 5 கிலோ. 15 பாகை குனிந்தால் கழுத்துக்கு 12 கிலோ, 60 பாகை குனிந்தால் 27 கிலோ என்று 2014இல் வந்த கணக்கு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. கூன் போட்டு உட்கார்ந்தும் ஒரு வலியும் இல்லாதவர்கள் ஏராளம். கெடுதல் செய்வது வளைவைவிட அசையாமை. விறைப்பாக நிமிர்ந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் தலை வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் எழுந்தால், விலையுயர்ந்த நாற்காலி தராததை அது தரும்.

ஆனால் சில ஏற்பாடுகள் உண்மையிலேயே மாற்றம் தரும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை நீளத் தொலைவில். மடிக்கணினியில் இது நடக்காது. கணினியை உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கை தாங்கலின்றித் தொங்கினால் கையின் கனம் முழுவதும் டிரபீசியஸ் தலையில் விழும், ஆகவே முன்கை மேசையில் படியட்டும். மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்றுள்ள கண்ணாடி போடுபவர்களுக்கு இந்த விதி தலைகீழ். கண் மட்டத்தில் திரை இருந்தால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியால் பார்க்க முகவாயைத் தூக்கியே இருப்பார்கள், அந்த எட்டு குட்டித் தசைகளும் நாள் முழுக்கச் சுருங்கிக் கிடக்கும். திரையை நன்றாக இறக்குங்கள், அல்லது கணினிக்கென்று தனிக் கண்ணாடி வாங்குங்கள். தலையணையைப் பொறுத்தவரை ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தணிவாக. குப்புறப் படுத்தால் கழுத்து மணிக்கணக்கில் ஒரே பக்கம் முறுக்கிக் கிடக்கும்.

காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு வலிக்கிறது, தாடை சோர்ந்திருக்கிறது என்றால் கழுத்தை விட்டுவிட்டுப் பல் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்கு எந்தத் தலையணையும் உதவாது. காலையில் எழும்போதே வலியோடு, இரவில் குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

பலன் எப்போது தெரியும்? முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, சிலருக்கு வலி சற்றுக் கூடவும் செய்யும். நாலாம் வாரம் வலியின் கடுமை அப்படியே இருக்கும், ஆனால் தொடங்கும் நேரம் தள்ளிப்போகும். நாலு மணி ஏழு மணியாகும். அந்தத் தாளை எழுதி வந்தவர்களுக்குத்தான் இது கண்ணில் படும், மற்றவர்கள் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று விட்டுவிடுவார்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வலி வரும் நாட்களின் எண்ணிக்கை குறைய வேண்டும். குறையவில்லையென்றால் மேலும் கடுமையாகப் பயிற்சி செய்வது விடையல்ல. தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். நாள்பட்ட வலிக்கு இரவில் குறைந்த அளவில் எடுக்கும் தடுப்பு மருந்துகள் உண்டு, பயிற்சியோடு சேர்த்தே எடுக்கலாம்.

குறைந்துவிட்டால் தலையசைப்பையும் ரப்பர் பட்டையையும் வாரம் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம். சில வாரம் அடியோடு விட்டவர்கள் திரும்பத் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து 30 விநாடி தூக்க வேண்டாம். 10 விநாடித் தலையசைப்பிலிருந்தே ஏறி வாருங்கள்.