சின்ன கன்வர்ட்டர் வேண்டுமா? முதலில் சூட்டைக் குறையுங்கள்

பக் கன்வர்ட்டரை, அதாவது டிசி வோல்ட்டேஜைக் குறைத்துத் தரும் சுற்றை, சிறிதாக்க வேண்டும் என்றதும் பலர் கைவைப்பது ஸ்விட்ச்சிங் அதிர்வெண்ணில்தான் (ஸ்விட்ச் வினாடிக்கு எத்தனை முறை ஆன்-ஆஃப் ஆகிறது என்பது). அதை ஏற்றினால் இன்டக்டர் (ஆற்றலைச் சேமித்துத் தரும் கம்பிச்சுருள்) சுருங்கும், உண்மைதான். ஆனால் கூடவே ஏறும் சூடு, மிச்சம் பிடித்த இடத்தைச் செம்புப் பரப்பாகவோ ஹீட்சிங்காகவோ திரும்ப வாங்கிக்கொள்ளும்.

12 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் 3 ஆம்பியர் வெளியே என்று வைத்துக்கொள்வோம். வெளியே போவது 15 வாட். செயல்திறன் 90 சதவீதம் என்றால் போர்டு சுமக்கும் சூடு 1.67 வாட். 95 சதவீதம் என்றால் 0.79 வாட், பாதிக்கும் கீழே. எனவே இழப்பு எங்கே என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

பெரிய திருடன், மேல் ஸ்விட்ச் ஆஃப் ஆனதும் இன்டக்டரின் மின்னோட்டத்தைச் சுமக்கும் ஷாட்கி டையோடு. ட்யூட்டி, அதாவது மேல் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு, 42 சதவீதம். மீதி 58 சதவீத நேரமும் மின்னோட்டம் டையோடு வழியே. 0.45 வோல்ட் இறக்கத்துக்கு 0.78 வாட் போய்விடும். அதே இடத்தில் 10 மில்லிஓம் மாஸ்ஃபெட் (டிரான்சிஸ்டர் ஸ்விட்ச்) வைத்தால் 0.05 வாட்தான். டெட் டைமை (மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஆஃபில் இருக்கும் இடைவெளி) மட்டும் கவனியுங்கள்: குறைந்தால் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒருசேர ஆன் ஆகி சப்ளையை ஷார்ட் செய்யும், கூடினால் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடு சூடாகும்.

அடுத்து ஸ்விட்ச்சிங் இழப்பு. மாஸ்ஃபெட் ஆன்-ஆஃப் ஆக எடுக்கும் ஏற்ற இறக்க நேரம் மொத்தம் 20 நானோவினாடி என்றால், 500 கிலோஹெர்ட்ஸில் 0.18 வாட், 2 மெகாஹெர்ட்ஸில் 0.72 வாட். டையோடை எடுத்து மிச்சப்படுத்தியது அப்படியே கரைந்துவிடும். இந்த அளவு வேலைக்கு 500 கிலோஹெர்ட்ஸே போதும் என்பது என் கட்சி.

அதற்கு 6.8 மைக்ரோஹென்றி இன்டக்டர் பொருந்தும். ரிப்பிள் (இன்டக்டர் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம்) 0.86 ஆம்பியர், உச்சம் 3.43 ஆம்பியர். சாச்சுரேஷன் மின்னோட்டத்தை (இன்டக்டரின் கோர் காந்தத்தால் நிறைந்துபோகும் அளவு) இந்த உச்சத்தோடு ஒப்பிட்டு நிறுத்திவிடாதீர்கள். கன்வர்ட்டரை இயக்கும் ஐசியின் கரண்ட் லிமிட்டோடும் ஒப்பிடுங்கள். ஃபெரைட் கோர் சாச்சுரேட் ஆகும்போது இன்டக்டன்ஸ் சட்டென்று சரியும், சூட்டில் அந்த எல்லையும் கீழே இறங்கும். உலோகத்தூளை அழுத்திச் செய்த மோல்டட் வகை மெல்லச் சரியும். சிறிய டிசைனுக்கு அதுவே பாதுகாப்பு.

செராமிக் கெபாசிட்டரில் அச்சிட்ட மதிப்பை நம்ப வேண்டாம். 0805 என்ற சிறிய அளவில் 16 வோல்ட் 10 மைக்ரோஃபாரட் எக்ஸ்5ஆர் வகை, 12 வோல்ட் ஏறியதும் பாதிக்கு மேல் இழந்து நிற்பது சகஜம். டேட்டாஷீட்டின் டிசி பயஸ் வரைபடத்தை (வோல்ட் ஏற ஏற மதிப்பு எவ்வளவு குறையும் என்பது) பார்த்தே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். உள்ளீட்டுக் கெபாசிட்டர்கள் 1.5 ஆம்பியர் ஆர்எம்எஸ் (மாறும் மின்னோட்டத்தின் சூடாக்கும் அளவு) தாங்கவும் வேண்டும்.

இவ்வளவும் சரியாக அமைந்தும் லேஅவுட்டில் கவிழ்கிறவர்கள் உண்டு. உள்ளீட்டு செராமிக், மேல் மாஸ்ஃபெட், கீழ் மாஸ்ஃபெட் மூன்றும் சேர்ந்த வளையம்தான் உயிர்நாடி. அதில் 10 நானோஹென்றி இன்டக்டன்ஸ் இருந்து, 3 ஆம்பியர் 5 நானோவினாடியில் மாறினால் 6 வோல்ட் கூடுதலாக எகிறும். செராமிக்கை மாஸ்ஃபெட்டை ஒட்டியே, அதே பக்கத்தில் வையுங்கள். உடனடி அடுத்த லேயர் உடையாத கிரவுண்டாக இருக்கட்டும். வெளியீட்டு வோல்ட்டை ஐசிக்குச் சொல்லும் ஃபீட்பேக் தடம், மாஸ்ஃபெட்டுகளும் இன்டக்டரும் சேரும் ஸ்விட்ச் நோடின் பக்கமே போகக் கூடாது.

மிச்சமிருக்கும் ரிங்கிங்கை (ஸ்விட்ச் மாறும்போது எழும் வேக அதிர்வு) அளக்கும்போது ஆஸிலோஸ்கோப் ப்ரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்ப்ரிங் முனையைப் போடுங்கள். இல்லையென்றால் கிளிப்பின் ரிங்கிங்கையும் சேர்த்தே பார்ப்பீர்கள். அப்போதும் அதிகம் என்றால் ஸ்னப்பர், அதாவது அதிர்வை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் ஜோடி. 1 நானோஃபாரட் போட்டால் சுமார் 0.07 வாட் செலவு, தாங்கும்.

கடைசியாக, பலர் சோதிக்காத ஒன்று: நீளமான கேபிளில் சப்ளையைச் சட்டென்று செருகுவது. கேபிளின் இன்டக்டன்ஸும் வெறும் செராமிக்கும் சேர்ந்து 12 வோல்ட்டை 24 வோல்ட் வரை தள்ளக்கூடும்; 18 வோல்ட் வரை தாங்கும் ஐசி அங்கேயே போய்விடும். செராமிக்கோடு 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றை இணையாகப் போட்டால் அதன் ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) அந்த எகிறலை அடக்கும். போர்டிலேயே உயரமான பாகம் அதுவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.