வீட்டுத் தரகரோடு எழுதிக்கொள்ள வேண்டியவை

வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீடு தேடி வருவோரை அதிகம் பார்க்கிறேன். விற்பவரோடு கிரைய ஒப்பந்தம் போடும்போது ஒவ்வொரு வரியையும் வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்கும் இவர்கள், அந்த வீட்டைக் காட்டி, விலை பேசி, பல நேரங்களில் டோக்கன் பணத்தையும் தம் கையில் வாங்கிக்கொள்ளும் தரகரோடு ஒரு தாள்கூட எழுதிக்கொள்வதில்லை. வடசென்னையில் வீடு வாங்குகிறவருக்கு இந்தத் தாள் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பதிவு பெற்ற திட்டத்தில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர், அதாவது தரகர், தாமும் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றும் அச்சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, குடியிருப்புகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் அத்திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் பழைய வீட்டை இடித்துவிட்டு அந்த ஒரு கிரவுண்டுக்குள் ஆறு ஃபிளாட் கட்டி விற்பது வழக்கமான தொழில். கைமாறி வரும் பழைய வீடுகளும் ஏராளம். ரேராவின் கை எட்டாத இடத்தில்தான் நம்மவர்கள் பலர் ஆயுள் சேமிப்பைப் போடுகிறார்கள்.

அங்கே துணைக்கு இருப்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வேறு ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளாவிட்டால், ஒப்படைத்த வேலை முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் சேரும் என்கிறது அதன் 219ஆம் பிரிவு. முறைகேடாக நடந்துகொண்ட வேலைக்கு ஊதியமே கிடையாது என்கிறது 220ஆம் பிரிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒப்படைத்த வேலைதான் எது? வீட்டைக் காட்டுவதா, விலை படிவதா, கிரைய ஒப்பந்தம் கையெழுத்தாவதா, பத்திரம் பதிவாவதா? அட்வான்ஸ் கொடுத்த அன்றே கமிஷன் கேட்கும் தரகருக்கும், பதிவு முடியட்டும் என்னும் வாங்குபவருக்கும் நடக்கும் சண்டையெல்லாம் இந்த ஒரு கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதாததால் வருவதே. பத்திரம் பதிவான நாளில் கமிஷன் தரப்படும், வில்லங்கத்தாலோ விற்பவர் பின்வாங்கியதாலோ கிரயம் முறிந்தால் கமிஷன் இல்லை, என்று எழுதிக்கொள்வதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

அடுத்தது, தரகர் யாருடைய ஆள் என்பது. ஒரே தரகர் இரு தரப்பிலும் கமிஷன் வாங்குவது இங்கே சாதாரணம். அதில் ஒளிவுமறைவு இல்லாதவரை குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் விற்பவரிடம் அவர் எவ்வளவு வாங்குகிறார் என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அதைவிடக் கவலை தருவது வேறொன்று: குறைந்த விலைக்கு உரிமையாளரிடம் தம் பெயரிலோ உறவினர் பெயரிலோ ஒப்பந்தம் போட்டுவைத்து, அதே வீட்டை நம்மிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடும் பழக்கம். அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் அந்த வேலையிலேயே தம் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அதில் கிடைத்த ஆதாயத்தை அமர்த்தியவர் உரிமையோடு கேட்கலாம் என்று 216ஆம் பிரிவு சொல்கிறது. அவர் நமக்காக வேலை செய்பவர் என்று காட்ட எழுத்து இல்லாவிட்டால், இந்தப் பிரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அமெரிக்காவில், தேசிய ரியல்டர்கள் சங்கம் தன்மீது நடந்த வழக்குகளில் செய்துகொண்ட சமரசத்தின்படி, 2024 ஆகஸ்ட் 17 முதல் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே முகவரும் வாங்குபவரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்தாக வேண்டும். ஊதியம் எவ்வளவு என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்; ஒப்புக்கொண்டதற்கு மேல் வேறு யாரிடமிருந்தும் முகவர் வாங்கக் கூடாது. அந்த நாட்டு நடைமுறை இங்கே செல்லாது என்றாலும், இவ்விரண்டையும் நம் தாளில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மீது, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பது ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

நம் பகுதிக்கென்று ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். கோயில் நிலத்தில் நிற்கும் வீடுகளும், முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கி இன்னும் கிரையப் பத்திரம் கொடுக்காத வீடுகளும், ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற வாய்ச்சொல்லோடு விலைக்கு வருகின்றன. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை டோக்கன் கொடுக்கும் முன்பே தரகர் தர வேண்டும் என்று எழுதுங்கள். டோக்கனும் தரகர் கைக்குப் போகாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். வீடு விற்பதற்கான முன்பணத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 முதலே தடுக்கிறது.

தரகருக்கும் இதில் நியாயம் வேண்டும். வெயிலில் அலைந்து வீடு காட்டியவரை ஒதுக்கிவிட்டு, உரிமையாளரோடு நேராகப் பேசி முடித்துக்கொள்ளும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் காட்டிய வீடுகளின் கதவு எண்ணும் தெருவும் தேதியும் ஒரு பட்டியலாக ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டு, ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்திட்டு, அந்தப் பட்டியலில் உள்ள வீட்டை இன்ன மாதத்துக்குள் வாங்கினால் மட்டுமே கமிஷன் உண்டு என்று காலவரையும் குறிக்கப்பட வேண்டும்.