ஊசலின் பிழையைக் காட்டிக்கொடுக்கும் கிராஃப்

தனி ஊசல் சோதனையில் நீளத்தை எக்ஸ் அச்சிலும் அலைவு நேரத்தை (ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஒய் அச்சிலும் வைத்து வரைந்து பாருங்கள். 60 செ.மீ.க்கு 1.56 விநாடி, 70-க்கு 1.68, 80-க்கு 1.80, 90-க்கு 1.91, 100-க்கு 2.01. ஐந்து புள்ளிகளும் ஸ்கேல் வைத்த மாதிரி கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும். அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் "நேர்விகிதம்" என்று எழுதிவிடாதீர்கள். கோட்டைப் பின்பக்கம் நீட்டினால் ஒய் அச்சை 0.9 விநாடிக்குக் கிட்டே தொடும். நூலே இல்லாத ஊசல் ஆட அவ்வளவு நேரம் எடுக்குமா? அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. வர்க்கமூல வளைவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி எடுத்தால் அது நேர்கோடாகத்தான் கண்ணுக்குப் படும்.

ஆகவே அலைவு நேரத்தை வர்க்கமாக்கி வரைய வேண்டும். 2.43, 2.82, 3.24, 3.65, 4.04. இப்போது கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகும். நீளத்தை மீட்டரில் எடுத்தால் சாய்வு ஏறக்குறைய 4.04. பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் 39.48, அதை 4.04-ஆல் வகுத்தால் புவியீர்ப்பு முடுக்கம் 9.77. சென்னையில் இதன் மதிப்பு 9.78 அளவு.

கிராஃபின் அருமையே தப்பு நடந்த இடத்தில்தான் தெரியும். 20 அலைவுகளின் நேரத்தை அளந்து 20-ஆல் வகுத்துத்தான் அலைவு நேரத்தை எடுக்கிறோம் என்று வையுங்கள். ஊசலை விட்டதும் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால், 20 அலைவு என்று நினைத்தது உண்மையில் 19. எல்லா நேரமும் அதே விகிதத்தில் குறையும். கோடு அப்போதும் ஆதிப்புள்ளி வழியாகத்தான் போகும், ஆனால் சாய்வு குறைந்து முடுக்கம் 10.8 என்று வரும். எண்ணும்போது "பூஜ்யம்" என்று தொடங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. வேறொரு தப்பு, நூலின் நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரை மட்டும் அளந்து ஆரத்தை விட்டுவிடுவது. ஆரம் 1 செ.மீ. என்றால் சாய்வு மாறாது, முடுக்கமும் சரியாகவே வரும். கோடு மட்டும் ஒய் அச்சை 0.04-இல் வெட்டும். எண்ணிக்கையில் தப்பினால் சாய்வு கெடும், நீளத்தில் தப்பினால் வெட்டுத்துண்டு எழும். அட்டவணையை எத்தனை முறை பார்த்தாலும் இந்த வித்தியாசம் பிடிபடாது.

ஆனால் அந்த 0.04 கண்ணில் பட வேண்டுமே. ஒய் அச்சில் 1 செ.மீ. = 0.2 என்று அளவுத்திட்டம் எடுத்தால் அது தாளில் 2 மி.மீ. உயரம். 1 செ.மீ. = 1 என்று எடுத்தால் அரை மி.மீ.கூட வராது, மழுங்கிய பென்சில் கோட்டுக்குள் மறைந்துவிடும். அதனால் தாளை நிரப்பி வரையுங்கள். ஒரு செ.மீ.க்கு 1, 2, 5 அல்லது அவற்றின் பத்து மடங்கு, பத்தில் ஒரு பங்கு போதும். 3, 7 வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்கும் வகுத்தல் போட வேண்டியிருக்கும், பாதிப் புள்ளிகள் தப்பான இடத்தில் விழும். புள்ளியைக் கூரான பென்சிலால் சின்னப் பெருக்கல் குறியாக இடுங்கள். கோடு போட, அடியில் இருக்கும் புள்ளிகளும் தெரிகிற ஒளிபுகும் ஸ்கேல். சாய்வுக்கு எடுக்கும் இரண்டு புள்ளிகள் கோட்டின்மேல் தள்ளித் தள்ளி இருக்கட்டும். அட்டவணையிலிருந்து இரண்டு எண்களை எடுத்துப் போட்டால் கோடு வரைந்ததே வீண். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அழிக்காதீர்கள். அந்த நீளத்துக்கு இன்னொரு முறை நேரம் எடுத்து, அதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

எக்செல்லில் வரைபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது "லைன்" வகையில். அது எக்ஸ் மதிப்புகளை எண்களாக எடுக்காமல் வெறும் பெயர்களாக எடுத்துச் சம இடைவெளியில் அடுக்கும். 60, 70, 100 என்று அளந்திருந்தாலும் இடைவெளி ஒன்றுதான், சாய்வுக்கு அர்த்தமே இல்லை. "ஸ்கேட்டர்" வகையைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகளைக் கோட்டால் இணைக்காமல் ட்ரெண்ட்லைன் (எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்தும் ஒரே கோடு) சேருங்கள். கோட்டைப் பூஜ்யம் வழியாகப் போகக் கட்டாயப்படுத்தும் தேர்வும் அங்கே இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். குண்டின் ஆரத்தை விட்டதைச் சொல்லும் ஒரே தடயத்தை அது துடைத்துவிடும்.

ஊசலை விட்டு ஊர்க் கணக்குக்கு வந்தால் வகை மாறும். சென்னை நுங்கம்பாக்கத்தின் மாத மழை என்பது மாதம் முழுக்கச் சேர்ந்த மொத்தம், அதற்குப் பட்டை வரைபடம்தான். அக்டோபரையும் நவம்பரையும் கோட்டால் இணைத்தால் நடுவில் எதைப் படிப்பது? பட்டை பூஜ்யத்திலிருந்துதான் எழ வேண்டும்: 1020, 1050 மி.மீ. மழையை 1000-இலிருந்து வரைந்தால் இரண்டாவது பட்டை இரண்டரை மடங்கு உயரமாக நிற்கும். வெப்பநிலை தொடர்ந்து மாறுவது, அதற்குக் கோடு. மே மாதம் மணிக்கொரு முறை குறித்து வரைந்தால் கடற்காற்று நுழைந்ததும் ஏற்றம் சட்டென்று முறிவதைப் பார்க்கலாம். மூன்று மணிக்கொரு முறை என்றால் அந்த முறிவு எந்த மணியில் என்று சொல்ல முடியாது.

ஏரிக்கு இன்னும் கவனம் வேண்டும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. அடியில் குறுகி மேலே விரிவதால் 12 அடி நீர் என்பது பாதிக் கொள்ளளவு ஆகாது, அதைவிடக் குறைவு. குடிநீர் எத்தனை நாள் வரும் என்று காட்ட நினைத்தால் ஒய் அச்சில் அடியைப் போடாதீர்கள், கன அடியைப் போடுங்கள்.