டெக்கில் பார்த்த ரஜினி படமும் கானின் வழக்கும்

பழைய மாணவர் சங்க மலருக்கு விடுதி நினைவுகள் கேட்டால் பெரும்பாலும் கிரிக்கெற்றும் சாப்பாட்டு மண்டபமும்தான் வரும். நான் ஒரு ஹிந்திப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். எண்பதுகளின் நடுவில் விடுதியில் இருந்தவர்களுக்கு ஏனென்று விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இரவுக் காட்சிக்குப் போகும் காலம் முடிந்திருந்தது. ஊரில் யாராவது டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேற்றரும் பிடித்து, விடிய விடியப் படம் போடுவார்கள். ஒரு விடுமுறைக்கு விடுதி நண்பன் வீட்டுக்குப் போன இடத்தில் அப்படிப் பார்த்ததுதான் ‘அந்தா கானூன்’. கடைக்காரர் "ரஜினி படம்" என்று சொல்லித் தந்த கசற். போட்ட பிறகுதான் தலைவர் ஹிந்தி கதைக்கிறார் என்று தெரிந்தது. 1983இல் வந்த, அவருடைய முதல் ஹிந்திப் படம்.

கதை எங்களுக்குப் பழசு. விஜயகாந்த் நடித்த ‘சட்டம் ஒரு இருட்டறை’யைத்தான் டி. ராமராவ் ஹிந்திக்குக் கொண்டுபோயிருந்தார். குடும்பத்தை அழித்த மூன்று பேரையும் ரஜினி தேடிப் பழிவாங்க, பொலிஸ் அதிகாரியான சகோதரி ஹேமமாலினி சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்று நிற்கிறார். அதில் பாதியிலேயே சிலருக்கு நித்திரை.

எழுப்பி உட்கார வைத்தவர் அமிதாப் பச்சன். கௌரவ வேடம் என்றுதான் பெயர், படத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர்தான். கான் என்ற வனத்துறை அதிகாரி, செய்யாத கொலைக்குச் சிறை போகிறார். மனைவி (எங்கள் ‘தில்லு முல்லு’ மாதவிதான்), பிள்ளை இருவரையும் இழக்கிறார். வெளியே வந்து பார்த்தால், செத்ததாகச் சொன்னவன் உயிரோடு திரிகிறான். அவனைக் கொன்றுவிட்டு, இந்தக் கொலைக்குரிய தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டேன், இனி என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்.

எங்கள் யாருக்கும் ஹிந்தி தெரியாது. குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்திருந்த நண்பனின் மாமாதான் மொழிபெயர்ப்பாளர். அவர் சொன்னதில் எவ்வளவு படத்தில் இருந்தது, எவ்வளவு அவருடைய கைச்சரக்கு என்று இன்றுவரை சந்தேகம். "சரியாத்தானே கேக்கிறான், தம்பியவை?" என்று எங்களைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் அமிதாப்பின் வசனமில்லை.

அந்தக் கேள்வி விடுதிக்கும் வந்தது. காரணம் சினிமாப் பைத்தியம் மட்டுமில்லை. 1979இல் இலங்கையில் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, அப்போது வழக்கே இல்லாமல் ஒருவரை 18 மாதம் வரை அடைத்து வைக்க முடிந்தது. பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே அவருக்கு எதிரான சாட்சியாகும். அண்ணன்மார் உள்ளே இருந்த பொடியள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். செய்யாததற்குத் தண்டனை என்பதை எங்களுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

சமூகக்கல்விப் பாடத்தில் ஒருவன் எழும்பி, "சேர், கானை விடத்தானே வேணும்?" என்று கேட்டான். சேர் படம் பார்த்தவரில்லை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "மறியலுக்குப் போனது முற்பணமே, பிறகு கணக்கில கழிக்க?" என்றார். வகுப்பே சிரித்தது. அண்ணன் உள்ளே இருந்த ஒருவன் சிரிக்கவில்லை. சேர் அதைக் கண்டுவிட்டார். பாடத்தை மூடிவைத்துவிட்டு, அந்தச் சிறை வருடங்களுக்கு யார் பதில் சொல்வது என்பது வேறு கேள்வி, அதற்குத் தன்னிடம் விடையில்லை என்றார்.

கேள்வி கேட்டவன் இப்போது லண்டனில் சட்டத்தரணி. சங்க இராப்போசனத்தில் கொத்துரொட்டிக்கு முன்னால் கானின் வழக்கு இன்னும் நடக்கும். இந்திய அரசியலமைப்பின் 20(2) பிரிவு ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிப்பதைத்தான் தடுக்கிறது, வெளியே வந்து செய்த கொலை புதுக் குற்றம், கான் தப்பவே முடியாது என்று இப்போது அவனே வாதாடுகிறான். நட்டஈட்டுக்கு வழக்குப் போட்டிருக்க வேண்டுமாம். மனைவி பிள்ளைக்கு எவ்வளவு போடுவாய் மச்சான் என்று நாங்கள் கேட்டால், தேத்தண்ணி எடுக்க எழும்பிப் போய்விடுவான்.